சென்னையின் 16 தொகுதிகள்: 2016க்கும் 2021க்கும் நடுவே

சென்னை மாவட்டத்துக்கு 16 சட்டமன்றத் தொகுதிகள். 2016இல் திமுக 10, அதிமுக 6. 2021இல் பதினாறும் திமுக கூட்டணிக்கே. அதில் வேளச்சேரி மட்டும் காங்கிரஸ்.

முதல் பார்வைக்கு 2016தான் ஆரோக்கியமாகத் தெரியும். நகரத்திலிருந்து ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் குரலும் அவைக்குப் போனது. ஆனால் அந்தப் பதவிக்காலத்தில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தபின் ஆர்.கே.நகருக்கு ஓராண்டு கழித்துத்தான் உறுப்பினர் வந்தார். நடுவே ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல் ரத்தானது. பெரம்பூர் நிலைமை இன்னும் மோசம். 2017 செப்டம்பரில் அதிமுக சட்டமன்ற உறுப்பினர்கள் 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதில் அதன் உறுப்பினரும் ஒருவர். வழக்கு நீண்டு, 2019 மே வரை அங்கே யாருமில்லை. 2020 ஜூனில் ஜெ.அன்பழகன் கொரோனாவில் இறந்ததும் சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி காலியானது. மிச்சம் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தலே இல்லை.

சரி, 2021? சென்னைக்காக எதிர்வரிசையில் நின்று கேள்வி கேட்க ஒருவரையும் மக்கள் அனுப்பவில்லை. அது பெரிய குறைதான். என்றாலும், மனு கொடுக்கப் போகும் பெரம்பூர்வாசிக்கு எந்தக் கட்சி உறுப்பினரும் இல்லாத ஒன்றரை வருடத்துக்கும் மேலான காலத்தைவிட, ஒரே அணியின் உறுப்பினராவது இருப்பது மேல் என்றே நினைக்கிறேன்.