கூரை வெயிலுக்கு ஏற்றது பேட்டரி காரா, ஹைட்ரஜன் காரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்ட கையோடு, 2023-இல் பேட்டரி காரும் வாங்கிவிட்டேன். "கொஞ்சம் பொறுங்க மச்சான், ஹைட்ரஜன் கார் வரட்டும், அஞ்சு நிமிஷத்துல டேங்க் நிரம்பிடும்" என்று தங்கை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். சரி, நிரப்பும் வேகத்தில் அதுதான் மேல். இரண்டிலும் புகை இல்லை. நான் கணக்குப் பார்த்தது ஒன்றைத்தான்: கூரையில் கிடைக்கும் மின்சாரத்தில் எவ்வளவு சக்கரத்துக்குப் போய்ச் சேரும்?

தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும், அதை 700 பார் அழுத்தத்தில் டேங்கில் அடைக்க இன்னும் சில யூனிட், அப்புறம் காருக்குள் ஃப்யூவல் செல் அதை மறுபடி மின்சாரமாக்கும்போது பாதிக்குப் பக்கம் சூடாகவே போய்விடுகிறது. டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் கார் அந்த ஒரு கிலோவில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடும். அதே 50 யூனிட்டில் என் கார் 250 ஓடுகிறது. எனக்கு இரவு ஷிஃப்ட், பகலில் கார் வீட்டில்தான் நிற்கும், அதனால் உச்சி வெயில் நேராக அதற்குள் இறங்குகிறது. மழை நாளில் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரம்தான், அதில் பெரும்பங்கு நிலக்கரி. அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தால் கரி இன்னும் கூடுதலாக எரியும்.

இன்னொன்று, லோட் ஷெடிங், அதாவது பற்றாக்குறைக்காக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. வீட்டு பேட்டரியில் 5 யூனிட், காரில் 60. ஒரு லீவு நாள் ராத்திரி, சார்ஜ் போடும் வாயில் அடாப்டரைச் செருகி, அடுப்படி ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுத்து ஃபிரிட்ஜையும் ரைஸ் குக்கரையும் ஓட்டினோம். சோறு வெந்து, அம்மாவின் இன்சுலினும் குளிர்ச்சியாகவே இருந்தது. காலையில் பார்த்தால் காரில் 4 சதவீதம்தான் குறைந்திருந்தது.

கனரக வண்டி என்றால் என் வாதம் இவ்வளவு உறுதியாக நிற்காது. மொகலக்வெனா பிளாட்டினச் சுரங்கத்தில் 2022-இல் இறக்கிய ராட்சத லாரி 290 டன் சுமக்கும்; அதில் ஃப்யூவல் செல்லும் பேட்டரியும் சேர்ந்தே வேலை செய்தன. டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் ஏறும் லாரிக்காரருக்கு மணிக்கணக்கில் சார்ஜில் நிற்க முடியாது, அவருக்கு ஹைட்ரஜன் பொருந்தலாம். ஃப்யூவல் செல்லுக்குப் பிளாட்டினம் வேண்டும், அது நம் நாட்டு மண்ணில் கிடைப்பது, அந்த ஆசை எனக்கும் உண்டு.

பேட்டரி பத்து வருடம் தாங்குமா என்று என் வண்டியை வைத்து இப்போதே சொல்ல முடியாது. இதுவரை ஓடும் தூரம் குறைந்த மாதிரி தெரியவில்லை.