கணக்குப் படித்தவருக்கு ஐடியில் எந்த வாசல்?

வணிகவியலோ எம்பிஏவோ படித்து, அக்கவுன்ட்ஸிலோ கொள்முதலிலோ விற்பனையிலோ சில வருடம் ஓட்டிவிட்டு ஐடி பக்கம் திரும்ப நினைப்பவருக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "பைத்தான் கத்துக்கோ." கேட்பவருக்கு எத்தனை வருட அனுபவம், இதுவரை எண்களோடு மல்லுக்கட்டியவரா ஆட்களோடு மல்லுக்கட்டியவரா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. ஐடிக்குள் நுழையக் கோடிங் ஒன்றே வழி என்ற நினைப்பு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

வணிகப் பின்னணியிலிருந்து வருகிறவர்கள் நடைமுறையில் போய்ச் சேரும் இடங்கள் ஐந்து: ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) ஃபங்ஷனல் கன்சல்டன்ட், டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டெவலப்பர், ஐடி ஆடிட்டர். இவற்றைச் சம்பளத்தை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஏராளம். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. முதல் வேலையே கிடைக்காத பாதையில் பத்தாம் வருடச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதுவரை கற்றதில் எவ்வளவு புது வேலையில் முதல் நாளிலிருந்தே செல்லுபடியாகும், எவ்வளவைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

ஈஆர்பியா, டேட்டாவா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ஈஆர்பியில் பெரிய பெயர் எஸ்ஏபி. ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் 1972-ல் ஜெர்மனியில் தொடங்கியது. ஒரு துறை ஒரு தடவை பதிந்தால் போதும், மற்றத் துறைகளின் கணக்கும் தானாக நகர வேண்டும் என்பதுதான் இந்த மென்பொருள்களின் அடிப்படை. கிடங்கில் சரக்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர்காரர் அதைக் கணினியில் பதிகிறார். அவருக்குத் தெரியாமலேயே அந்த நொடியில் ஒரு ஜர்னல் என்ட்ரி விழுகிறது: சரக்கு இருப்பு டெபிட், ஜிஆர்-ஐஆர் என்ற இடைக்கணக்கு கிரெடிட். பிறகு சப்ளையரின் இன்வாய்ஸ் பதிவானதும் ஜிஆர்-ஐஆர் டெபிட், சப்ளையர் கிரெடிட். எல்லாம் சரியாக நடந்தால் இடைக்கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். மாதக் கடைசியில் அதில் பாக்கி நின்றால், சரக்கு வந்து பில் வரவில்லை, அல்லது பில்லில் உள்ள அளவும் வந்த அளவும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

எந்த வகைச் சரக்கு எந்தப் பேரேட்டுக் கணக்கைத் தொட வேண்டும் என்பதை ஓபிஒய்சி என்ற திரையில் முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். அதைச் செய்பவர்தான் ஃபங்ஷனல் கன்சல்டன்ட். இதற்கு ஒரு வரி கோட் கூட வேண்டாம். கோட் தேவைப்படும் இடங்களுக்கு, எஸ்ஏபியின் சொந்த நிரல் மொழியான அபாப்பில் எழுதும் டெவலப்பர் தனியாக இருக்கிறார். என்ன வேண்டும் என்பதை அவருக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் போதும். ஜிஆர்-ஐஆர் பாக்கியைத் துரத்தித் துரத்திச் சலித்துப்போன அக்கவுன்டன்டுக்கு இந்தத் திரை எதற்கு என்று விளக்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து வந்தவருக்கு டெபிட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காலமும் இப்போது சாதகமாக இருக்கிறது. எஸ்ஏபியின் புதிய தலைமுறை மென்பொருளான எஸ்/4ஹானா 2015-ல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையான ஈசிசியின் கடைசிப் பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரைதான் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு மாறும் வேலை பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு தனித்தனியாகக் கிடந்த நிதிக்கணக்கும் அடக்கவிலைக் கணக்கும் எஸ்/4ஹானாவில் ஒரே அட்டவணைக்குள் வந்துவிட்டன. மாற்றிய பிறகு பழைய பாலன்ஸும் புது பாலன்ஸும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பார்க்கக் கணக்குத் தெரிந்தவர்தான் வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்ஏபியை வீட்டில் உட்கார்ந்து பழகுவது சிரமம். பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்து வாங்கிய சான்றிதழை மட்டும் காட்டினால், "எத்தனை இம்ப்ளிமென்டேஷன் பார்த்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியோடு இன்டர்வியூ முடிந்துவிடும். இதைத் தாண்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி, இப்போது இருக்கும் அலுவலகத்தில் ஈஆர்பி வரும்போதோ மாறும்போதோ வலியப் போய் 'கீ யூசர்', அதாவது உங்கள் துறையின் சார்பில் அந்தத் திட்டத்தில் உட்காரும் ஆள், ஆகிவிடுவது. பயனர் சோதனையில் உட்கார்வது, பிழைகளைப் பதிவது, கன்சல்டன்டோடு சண்டை போடுவது எல்லாமே அனுபவக் கணக்கில் சேரும். கோ-லைவ் (புது மென்பொருள் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் நேரம்) என்றால் ராத்திரியும் வார இறுதியும் போகும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

டேட்டா பக்கம் வாசல் அகலம். எக்செல்லில் டேட்டாவைச் சுத்தம் செய்யும் பவர் க்வெரி, பிறகு டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல், பிறகு டாஷ்போர்டு செய்யும் பவர் பிஐ என்று பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே கற்கலாம். எஸ்க்யூஎல் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் அந்த மொழியை அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரையில், கணினி நிபுணர் அல்லாத எப்படிப்பட்டவர்களை மனதில் வைத்தார்கள் என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் கணக்காளர்கள்.

டேட்டாவில் அக்கவுன்டன்டின் பலம் எங்கே தெரியும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஒரு ஆர்டர், மதிப்பு 1,000. வாடிக்கையாளர் 600, 400 என்று இரண்டு தவணையில் பணம் கட்டுகிறார். ஆர்டர் அட்டவணையையும் பணம் வந்த அட்டவணையையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்தால் (இணைத்தால்) அந்த ஆர்டர் இரண்டு வரியாக வரும். ஆர்டர் மதிப்பைக் கூட்டச் சொன்னால் 2,000 என்று விடை வரும். கணினி எந்தப் பிழையும் காட்டாது. டாஷ்போர்டில் விற்பனை அழகாக ஏறி நிற்கும், மேலிடமும் சந்தோஷப்படும். பயிற்சி வகுப்பில் மட்டும் படித்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ட்ரையல் பேலன்ஸ் போட்டுப் பழகியவருக்கு, "இது பேரேட்டோடு ஒத்துப்போகுதா?" என்று கேட்காமல் தூக்கம் வராது. இந்த அரிப்பை எந்தக் கோர்ஸும் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆனால் அகலமான வாசலில் கூட்டமும் அதிகம். எல்லாருடைய போர்ட்ஃபோலியோவிலும் பயிற்சிக்கென்று எல்லாரும் எடுக்கும் அதே டைட்டானிக் பயணிகள் பட்டியல்தான் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, கற்பனை இன்வாய்ஸ்களை வைத்து ஒரு ஏஜிங் ரிப்போர்ட் செய்து காட்டுங்கள்: யாரிடம் எவ்வளவு பாக்கி, 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியது எது, பகுதித் தொகை வந்தபோது எந்த பில்லில் கழித்தீர்கள் என்று. டேட்டாவிலிருந்து தொடங்கியவருக்கு அந்தக் கடைசிக் கேள்வி தோன்றவே தோன்றாது. எஸ்க்யூஎல்லை இப்போது ஏஐ எழுதித் தருகிறதே என்றால், எழுதித் தருகிறதுதான். 'விற்பனை' என்பதில் திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டுமா, ஆர்டர் தேதியா பில் தேதியா என்பதை அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

என் தீர்ப்பு: ஐந்து வருடத்துக்கு மேல் அக்கவுன்ட்ஸிலோ கொள்முதலிலோ இருந்தவருக்கு ஈஆர்பி. இரண்டு, மூன்று வருடம்தான் ஆகிறது, எக்செல்லைத் திறந்தாலே கை பரபரக்கிறது என்பவருக்கு டேட்டா. விற்பனை, மார்க்கெட்டிங்கிலிருந்து வருகிறவருக்கும் டேட்டாதான் பக்கம்.

பிசினஸ் அனலிஸ்ட் என்ற கவர்ச்சி

எம்பிஏ முடித்தவர்கள் அதிகம் ஆசைப்படுவது இந்தப் பெயருக்கு. வேலையும் அவர்களுக்குப் பொருத்தமானதுதான். "10 சதவீதம் தள்ளுபடி வேண்டும்" என்று ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தள்ளுபடி வரிக்கு முன்பா பின்பா, இரண்டு சலுகை சேர்ந்தால் எது முதலில், மூன்று பொருளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்று கேட்டு வாங்கி, டெவலப்பருக்குச் சந்தேகம் வராத மாதிரி எழுத வேண்டும். அனலிஸ்டின் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

வெளியிலிருந்து நேரே நுழைவதுதான் கஷ்டம். இந்தத் துறையின் பிரபலமான சிபிஏபி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே, கடந்த 10 ஆண்டுகளில் 7,500 மணி நேரம் அனலிஸ்டாக வேலை பார்த்திருக்க வேண்டும். புதியவர்களுக்கான ஈசிபிஏவுக்கு அப்படி நிபந்தனை இல்லை, ஆனால் அதை மட்டும் வைத்துக் கதவு திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பயனர் சோதனை, அப்ளிகேஷன் சப்போர்ட், கீ யூசர் என்று ஏதாவது ஒன்றில் உள்ளே வந்தபின் இந்தப் பதவிக்கு நகர்வதே நடக்கிற காரியம். மேனுவல் டெஸ்டிங்கை (மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை தேடுவதை) நிரந்தர வேலையாக நினைத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருடப் படிக்கட்டாக என்றால் சரி.

டெவலப்பர்

அதிகம் பேர் கைகாட்டும் பாதை. கையில் இருப்பதை அதிகம் தூக்கிப்போட வைப்பதும் இதுதான். நான்கு வருடம் இதையே படித்தவர்களோடு தொடக்க நிலை வேலைக்குப் போட்டி போட வேண்டும். அதுவும் கோட் எழுதித் தரும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2021-ல் வந்த பிறகு, புதியவர்களுக்குப் பழக்கத்துக்காகக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளைக் கருவிகளே செய்யத் தொடங்கிவிட்டன.

ஆனாலும் சம்பளப் பட்டியல், பில்லிங், பணப் பரிவர்த்தனை என்று காசு ஓடும் மென்பொருளில் கணக்குத் தெரிந்த டெவலப்பருக்குத் தனி மதிப்பு உண்டு. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். கணினி தசமங்களை இரும எண்களாக வைத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. லட்சம் வரிகள் கூடும்போது கடைசியில் சில காசுகள் உதைக்கும். 'சில காசுதானே' என்று ஒரு டெவலப்பர் விட்டுவிடலாம், அக்கவுன்டன்ட் விடமாட்டார்; பணத்துக்கு, தசமத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அவருக்குச் சட்டென்று மண்டையில் ஏறும்.

யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து எக்செல் மேக்ரோ எழுதிப் பார்த்தவர் என்றால் தாராளமாக இந்தப் பாதையில் போங்கள். சம்பளம் கேள்விப்பட்டு வருகிறவர் ஆறாவது மாதத்தில் நொந்துபோவார்.

யாரும் பேசாத ஐந்தாவது

ஆடிட் அனுபவம் உள்ளவர் இந்தப் பத்தியை முதலில் படித்திருக்க வேண்டும். சப்ளையரைக் கணினியில் சேர்ப்பவரே அவருக்குப் பணமும் அனுப்ப முடிந்தால் என்ன ஆகும் என்று ஆடிட்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே சிஸ்டத்தின் அனுமதிப் பட்டியலில் தேடுவதும் ஐடி ஆடிட்டரின் வேலை. என்ரான், வேர்ல்ட்காம் நிறுவனங்களின் கணக்கு மோசடிகளுக்குப் பிறகு 2002-ல் அமெரிக்காவில் வந்த, உள்கட்டுப்பாடுகளைச் சோதித்துக் காட்டச் சொல்லும் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் இந்த வேலைக்குப் பெரிய தேவையை உண்டாக்கியது.

1978 முதல் இருக்கும் சிசா சான்றிதழ்தான் இதற்கு அடையாள அட்டை. 4 மணி நேரத்தில் 150 கேள்விகள். 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள், அதில் ஒரு பகுதியைப் படிப்பும் பிற அனுபவமும் ஈடுகட்டும். தேர்வை முதலில் எழுதித் தேறிவிட்டு, அனுபவத்தை 5 ஆண்டுக்குள் காட்டினாலும் போதும். பழைய அனுபவம் ஏறக்குறைய முழுசாகச் செல்லுபடியாகும் ஒரே பாதை என்று இதைத்தான் சொல்வேன். பெயரில் கவர்ச்சி இல்லாததால் கூட்டம் வரவில்லை.

சம்பளம்

பார்க்க மாட்டேன் என்றேன், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டெவலப்பராகவோ டேட்டா அனலிஸ்டாகவோ மாறும்போது பல நிறுவனங்கள் பழைய வருடங்களைக் கணக்கில் எடுப்பதில்லை, ஃப்ரெஷர் வரிசையில் உட்கார வைப்பார்கள். ஈஆர்பியிலும் ஐடி ஆடிட்டிலும் 'டொமைன் அனுபவம்' என்று ஒரு பகுதியாவது எண்ணப்படும். எவ்வளவு எண்ணுகிறார்கள் என்பதை ஆஃபர் லெட்டர் வரும் முன்பே எச்ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ரெஸ்யூமேயிலும் பழைய வேலையை ஒரு வரியில் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு, போன மாதம் முடித்த கோர்ஸை உச்சியில் போடாதீர்கள். மாதக் கணக்கு முடித்தது, ஆடிட்டருக்குப் பதில் சொன்னது, ரீகன்சிலியேஷனில் வித்தியாசம் கண்டுபிடித்தது எல்லாம் மேலே வரட்டும். எஸ்க்யூஎல் அதற்கு அடுத்த வரியில் இருந்தால் போதும்.