அன்மேனேஜ்டு, ஸ்மார்ட், மேனேஜ்டு: எந்த சுவிட்ச் பாதுகாப்பு?

கணினி, பிரிண்டர் போன்றவற்றைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சில் எதை வாங்கலாம் என்று கேட்டால் "மேனேஜ்டு வாங்குங்க, அதுதான் பாதுகாப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் அதிகம். மேனேஜ்டு என்றால் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் அமைக்கக்கூடியது, அன்மேனேஜ்டு என்றால் செருகினால் போதும், அமைக்க எதுவும் இல்லை, ஸ்மார்ட் இரண்டுக்கும் நடுவில். என் கட்சி கொஞ்சம் வேறு. பெட்டியைப் பிரித்து, ஒன்றையும் தொடாமல், அப்படியே ரேக்கில் மாட்டிவிட்ட மேனேஜ்டு சுவிட்சைவிட விலை குறைந்த அன்மேனேஜ்டு சுவிட்ச் சில விஷயங்களில் மேல். அதில் லாகின் செய்யவே வழி கிடையாதே! ஐபி முகவரி இல்லை, கடவுச்சொல் இல்லை, ஆகவே உடைக்கவும் ஒன்றும் இல்லை.

மிகையாகச் சொல்வதாகத் தோன்றினால் 2018 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் வரிசைச் சுவிட்சுகள் பலவற்றில் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், 4786ஆம் டிசிபி போர்ட்டில் (கேபிள் செருகும் துளை இல்லை, நெட்வொர்க் வழியே வருவதற்கான எண்ணிட்ட வாசல்), கடவுச்சொல் எதுவும் கேட்காமல். புது சுவிட்சைக் கை படாமல் நிறுவுவதற்காக வைத்த வசதி அது. அதை யாரும் அணைக்காமல் இணையத்தின் பக்கம் திறந்தே விட்டிருந்த சுவிட்சுகளை ஈரான், ரஷ்யா உள்ளிட்ட நாடுகளில் தாக்கி, அவற்றின் அமைவு விவரங்களை (கான்ஃபிகரேஷன்) அழித்து, அமெரிக்கக் கொடியைப் படமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அத்தனையும் விலை உயர்ந்த மேனேஜ்டு சுவிட்சுகள்தான்.

அதற்காக அன்மேனேஜ்டையே வாங்கிவிடலாம் என்று சொல்லவில்லை. ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் யாராவது அதே சுவிட்சில் செருகிவிட்டால் கதை முடிந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது கேபிளில் போகும் தரவுப் பொட்டலத்துக்கு, ஆயுள் எண்ணிக்கை எதுவும் கிடையாது என்பதால், எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து பெருகும், எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் மின்னும், மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். எந்த போர்ட்டில் கோளாறு என்று கேட்டால் அந்தப் பெட்டி பதில் சொல்லாது, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். நாலைந்து கருவிகள், எல்லாம் நம்பிக்கையான ஆட்களுடையது என்றால் போதும், அதைத் தாண்டினால் வேண்டாம்.

நடுவில் நிற்கும் ஸ்மார்ட் சுவிட்சில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பிரவுசரைத் திறந்து நாலு கிளிக்கில் விலான், அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள், பிரித்துவிடலாம், அது பெரிய சௌகரியம். ஆனால் விலை மலிவான சில மாடல்களில் அந்த நிர்வாகப் பக்கம் மறையாக்கம் இல்லாத எச்டிடிபியில் மட்டும்தான் திறக்கும், அப்புறம் எந்த விலானிலிருந்து வேண்டுமானாலும் திறக்கும். விருந்தினர் வைஃபைக்கென்று தனி விலான் பிரித்துக் கொடுக்கிறீர்கள், அந்த விருந்தினரே சுவிட்சின் லாகின் பக்கத்தில் வந்து நிற்கிறார், பிரித்ததற்கு என்ன அர்த்தம்? வாங்கும் முன் கையேட்டை இறக்கி இரண்டு விஷயம் மட்டும் தேடுங்கள்: எச்டிடிபிஎஸ் உண்டா, நிர்வாகத்துக்கென்று தனி விலான் ஒதுக்க முடியுமா. இரண்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

சரி, மேனேஜ்டு. கணினியை நேராக சுவிட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளை மாட்டி, வேகத்தை 9600 என்று வைத்து உள்ளே போனால் முதல் தேர்வு, இனி தொலைவிலிருந்து லாகின் செய்ய டெல்நெட்டா எஸ்எஸ்எச்சா என்பது. 23ஆம் போர்ட்டில் போகும் டெல்நெட், கடவுச்சொல்லை எழுத்துக்கு எழுத்து வெளிப்படையாக அனுப்பும், ஆகவே இதில் விவாதமே இல்லை. எஸ்எஸ்எச்சுக்குக் கொஞ்சம் வேலை உண்டு: சுவிட்சுக்குப் பெயர், டொமைன் பெயர், பிறகு மறையாக்கத்துக்கான 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழிகளான விடிஒய் லைன்களில் "எஸ்எஸ்எச் மட்டும்" என்று தனியாகச் சொல்லாவிட்டால் பல மாடல்களில் டெல்நெட்டும் கூடவே திறந்திருக்கும்.

கடவுச்சொல்லிலும் இதே மாதிரி ஒரு கண்கட்டு உண்டு. சிஸ்கோவில் டைப் 7 என்று சேமிப்பது பார்க்கப் புரியாத எழுத்துகளாகத் தெரியும், ஆனால் நொடியில் திருப்பி எடுத்துவிடலாம், பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைக்க மட்டும்தான் அது உதவும். முழு உரிமையோடு நுழைவதற்கான எனேபிள் பாஸ்வேர்டை விட்டுவிட்டு, எளிதில் திருப்பி எடுக்க முடியாதபடி சேமிக்கும் எனேபிள் சீக்ரெட்டுக்குப் போங்கள், மாடல் இடம் கொடுத்தால் இன்னும் வலுவான டைப் 8 அல்லது 9.

கண்ட கருவியும் சுவிட்சில் செருகிக்கொள்வதைத் தடுப்பதில் உண்மையான போட்டி, போர்ட் செக்யூரிட்டிக்கும் 802.1எக்ஸுக்கும் இடையில். போர்ட் செக்யூரிட்டி, இந்த போர்ட்டில் இந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் என்று கட்டிப்போடுகிறது. தானாக வரும் வரம்பு ஒரே ஒரு முகவரி, மீறினால் போர்ட்டே அணைந்துவிடும். மேஜையில் ஐபி போன், அதன் பின்னால் கணினி என்று இருந்தால் வரம்பை உயர்த்தாமல் விட்டவுடனேயே புகார் வரும். ஸ்டிக்கி என்ற வசதியை வைத்தால் முகவரிகளைத் தானே கற்றுக்கொள்ளும், சேமிக்காமல் ரீபூட் செய்தால் மறந்தும்போகும். இதன் பலவீனம் பிரிண்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது: பல பிரிண்டர்களின் ஸ்டிக்கரிலேயே மேக் முகவரி அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துத் தன் லேப்டாப்பில் அப்படியே போட்டுக்கொண்டு பிரிண்டரின் கேபிளைச் செருகிக்கொள்பவரை இது தடுக்காது.

802.1எக்ஸ் ஆளையோ சான்றிதழையோ கேட்கும், அந்த வகையில் பல மடங்கு பலம். ஆனால் அதைச் சரிபார்க்க ரேடியஸ் என்ற சர்வர் வேண்டும், அது படுத்தால் யாரும் உள்ளே வர முடியாத நிலை வரலாம், அதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். பழைய பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு அது புரியாது என்பதால் மேக் முகவரியை வைத்தே விதிவிலக்கு கொடுப்பார்கள், ஆக அந்த போர்ட்டுகளில் மறுபடியும் ஸ்டிக்கர் கதைதான். ரேடியஸைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் நான் போர்ட் செக்யூரிட்டியையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் தனியாக இல்லை: பயன்படாத போர்ட்டுகளை அணைத்து, எதற்கும் போகாத ஒரு விலானில் தள்ளி, மற்றவற்றைப் பயனர் கருவிகளுக்கான அக்சஸ் முறையில் நிறுத்தி, சுவிட்சுகள் லூப்பைக் கண்டுபிடிக்க அனுப்பும் பிபிடியு செய்தி வந்தால் போர்ட்டை அணைக்கும் பிபிடியு கார்டையும் போட்டுவிட வேண்டும். யாராவது மேஜைக்கடியில் குட்டி சுவிட்ச் வைத்து லூப் உண்டாக்கினாலும் அந்த ஒரு போர்ட் மட்டும் அணையும்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை என்றால் மேனேஜ்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், மேலே சொன்ன எச்டிடிபிஎஸ், நிர்வாக விலான் இரண்டும் உள்ள ஸ்மார்ட்டே போதும். ஸ்மார்ட்டோ மேனேஜ்டோ, எதை வாங்கினாலும், கையேட்டில் அச்சடித்திருக்கும் அட்மின் கடவுச்சொல்லை நெட்வொர்க்கில் இணைக்கும் முன் மாற்றிவிடுங்கள், மாற்றியதைச் சேமிக்கவும் மறக்காதீர்கள்.