ஒட்டாவாவில் சமையலறையைப் புதுப்பிப்பவர்களுக்கு: வென்ட் குழாயைப் பார்த்த பிறகு சுவரை மூட விடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துத் தந்த ஒப்பந்ததாரர், சிங்கை உட்சுவரிலிருந்து ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவர் ஓரமாக மாற்றினார். அதற்கான வென்ட் குழாயை (கழிவுக் குழாய்களுக்குள் வெளிக்காற்றை விடும் குழாய்) ஒன்றரை அங்குல அளவிலேயே, கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடமான அட்டிக் வழியாகக் கூரைக்கு மேல் நீட்டிவிட்டார். வேலை முடிந்தது கோடையில் என்பதால் தண்ணீர் ஒழுங்காக வடிந்தது, நாற்றமும் இல்லை, பணமும் முழுமையாகக் கைமாறியது. ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 25 பாகைக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்ற வாரத்தில்தான் சிங்க் களகளவென்று ஒலி எழுப்பியது; அடுத்து, சமையலறை முழுவதும் சாக்கடை நாற்றம் பரவியது.

கழிவுக் குழாய்களிலிருந்து மேலேறும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால், கூரைக்கு வெளியே குளிர்ந்து கிடக்கும் குழாயின் உட்புறத்தில் அது உறைபனியாகப் படிகிறது. கடுங்குளிர் நீடித்தால் அந்தப் படிவு உள்நோக்கித் தடித்துக்கொண்டே வந்து, ஒன்றரை அங்குல வாயை முற்றிலும் அடைத்துவிடும். இதற்காகவே கனடாவின் தேசியப் பிளம்பிங் விதித்தொகுப்பு, உறைபனியால் அடைபடக்கூடிய வென்ட் குழாயைக் கூரையைத் துளைக்கும் இடத்துக்குச் சற்று முன்பே குறைந்தது 3 அங்குலமாக அகலப்படுத்தியோ, வெப்பக்காப்பிட்டோ, வேறு வழியிலோ பாதுகாக்கச் சொல்கிறது. வென்ட் அடைபட்ட பிறகு, சிங்கிலிருந்து பாய்ந்து இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் வேண்டிய காற்றை, சிங்குக்குக் கீழே வளைந்திருக்கும் பி-டிராப் குழாய் வழியாகவே இழுக்கிறது. அந்த இழுப்பில், சாக்கடைக் காற்றைத் தடுத்து நிறுத்துவதற்காக டிராப்பில் தேங்கியிருக்கும் நீரும் போய்விடுகிறது. அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி விசிறியை ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: அது வீட்டுக் காற்றை வெளியேற்றும்போது, ஈடுசெய்யும் காற்று வறண்ட டிராப் வழியாகவும் உள்ளே வருகிறது.

முறையிட்டபோது ஒப்பந்ததாரர் தந்த முதல் விளக்கம், மீன் பொரிக்கும் வீட்டில் மணம் வருவது இயல்புதான் என்பது. எங்கள் சமையலின் மணமும் சாக்கடையின் நாற்றமும் ஒன்று என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சலை என்னவென்பது! பிறகு வந்து, அட்டிக்கில் குழாயை வெட்டி, காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். உறையும் குளிர் படக்கூடிய இடத்தில் அந்த வால்வைப் பொருத்தக் கூடாது. வெப்பக்காப்பு நன்றாக உள்ள வீட்டின் அட்டிக்கோ குளிர்காலத்தில் ஏறத்தாழ வெளியே உள்ள அளவுக்கே குளிர்ந்திருக்கும். நாற்றம் அப்படியே இருந்தது.

உரிமம் பெற்ற வேறொரு பிளம்பர் வந்து ட்ரைவாலை (உட்சுவர்ப் பலகையை) திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: வடிகுழாய், வெப்பக்காப்புக்கு வெளிப்புறமாக, வெளிச்சுவர்ப் பலகையை ஒட்டியே போயிருந்தது. அவர் அதைக் காப்புக்கு உட்பக்கம் மாற்றினார். வென்டைத் தனியே கூரைக்குக் கொண்டுபோகாமல், உள்ளே ஒடுங்கும் நீர் வடிந்து திரும்பும்படி சரிவு கொடுத்து, வீட்டின் பழைய 3 அங்குல வென்டுடன் இணைத்தார். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

இந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று ஒப்பந்ததாரர் முதலிலேயே உறுதியாகச் சொல்லியிருந்தார். பழைய குழாய்களிலேயே சிங்கை மட்டும் மாற்றிப் பொருத்துவதற்குத்தான் அது பொருந்தும். குழாய்களை இடம் மாற்றினால் நகராட்சியின் அனுமதி வேண்டும், சுவரை மூடுவதற்கு முன் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஒண்டாரியோவில் பிளம்பர் வேலையைத் தகுதிச் சான்றிதழ் இல்லாதவர், பதிவு பெற்ற பயிற்சியாளராகவும் இல்லாமல், செய்யக் கூடாது; இத்தகைய தொழில்களை ஒழுங்குபடுத்தும் ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒண்டாரியோ அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு அவர் அனுப்பிய ஆளின் பெயர் அதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததால், இரண்டாவது பிளம்பர் சுவரைத் திறந்தபோது எடுத்த புகைப்படங்களுடனும் அவருடைய கட்டண ரசீதுடனும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறோம்.