பீர் ஆலைக் கருவித் தகராறு: நீதிமன்றமா, நடுவர் மன்றமா, வல்லுநரா?

புதிதாகத் தொடங்கும் பீர் ஆலைக்கு வந்திறங்கிய கருவிகளில் குறை தெரிந்தால், உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு: உரிமையியல் நீதிமன்றம், ஒப்பந்தப்படி அமர்த்தப்படும் தனியார் நடுவர்கள் தீர்ப்பளிக்கும் நடுவர் மன்றம், இரு தரப்பும் ஏற்ற தொழில்நுட்ப வல்லுநரின் தீர்மானம். எது மேல் என்பதைக் குறையின் தன்மைதான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அதை யோசிக்காமலே பல ஒப்பந்தங்கள் ஒன்றைத் தேர்ந்துவிடுகின்றன.

பீர் நொதிக்கும் எஃகுக் கலனான நொதிகலனின் உட்புற வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். பற்றவைக்கும்போது தகட்டின் மறுபக்கத்தில் ஆர்கான் வாயு போதிய அளவு செலுத்தப்படாவிட்டால், அந்த இணைப்பு கறுத்து, சர்க்கரை கருகிப் பொரிந்ததுபோல் சொரசொரத்துவிடும். அந்தப் பள்ளங்களில் ஒட்டும் நுண்ணுயிர்கள் காரக் கழுவலுக்கும் தப்பி, அடுத்தடுத்த பீரையும் புளிக்கச் செய்யும். உள்ளே விளக்கைப் பிடித்தாலே இது கண்ணுக்குத் தெரியும். உட்பரப்பின் சொரசொரப்பு, உணவுத் தொழிலில் வழக்கமாகக் கேட்கப்படும் 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும் முடியும். இப்படிப்பட்ட கேள்விக்கு வல்லுநர் சில வாரங்களில் விடை தந்துவிடுவார். விற்க ஒரு லிட்டர் பீர்கூட இல்லாத நிலையில் வாடகையும் கடன் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும் ஆலைக்கு, அந்த வேகத்தைவிடப் பெரிய நிவாரணம் வேறில்லை.

வல்லுநர் வழியின் பலவீனம், பணம் வசூலிக்கும் இடத்தில் தெரியும். வல்லுநரின் தீர்மானம் பொதுவாக ஒப்பந்தக் கடமை மட்டுமே. விற்றவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு தர மறுத்தால், அதை வைத்து மறுபடி வழக்காட வேண்டும். நடுவர் தீர்ப்போ 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையால், சீனா உட்பட 170க்கும் மேற்பட்ட நாடுகளில் நிறைவேற்றத்தக்கது. ஒரு நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு இவ்வளவு பரந்த ஏற்பு கிடையாது. ஆகவே கலன்கள் கடல் கடந்து வருமானால், செலவு கூடுதல் என்றாலும் நடுவர் மன்றத்தையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் குளிரூட்டல் தகராறில் நடுவர் மன்றம் தடுமாறும். நொதிக்கவைப்பதற்கு முன் கொதிக்கவைத்த தானிய வடிநீரை உரிய நேரத்தில் ஆற்ற முடியவில்லை, நொதிகலனும் 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கலனைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடும் குளிர்ச்சட்டை சிறியது என்பார், கிளைக்கால் (glycol) என்ற அந்தத் திரவத்தைக் குளிர்விக்கும் குளிரூட்டியை விற்றவர். குளிரூட்டிக்குத் திறன் போதாது என்பார் கலனைச் செய்தவர். குழாய்களுக்கு உறை சரியில்லை என்று இருவரும் சேர்ந்து குழாய் பொருத்தியவரைக் காட்டுவார்கள். நடுவர் மன்றம் பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்கு இசைந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். நீதிமன்றமோ, தன் அதிகார வரம்புக்குள் இருக்கும் மூவரையும் ஒரே வழக்கில் நிறுத்த முடியும்.

எந்த வழியானாலும் காலக்கெடு முந்திக்கொள்ளும். 1980ஆம் ஆண்டின் நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனை பற்றிய வியன்னா உடன்படிக்கை பொருந்தும் ஒப்பந்தமானால், வாங்கியவர் கூடிய விரைவில் சோதித்து, நியாயமான காலத்துக்குள் குறையைத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்த உத்தரவாதக் காலம் வேறாக இல்லாவிட்டால், இறுதி எல்லை 2 ஆண்டுகள். அந்த 2 ஆண்டுகள் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, முதல் பீர் காய்ச்சிய நாளிலிருந்து அல்ல. கட்டடம் முடியாமல் கலன்கள் உறை பிரியாமல் மாதக்கணக்கில் நின்றாலும் கணக்கு ஓடும். இதை அறியாமல் உரிமையை இழப்பது கொடுமையானது; அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விற்றவரே நொடித்துப்போனால் மூன்று வழிகளும் ஏறத்தாழ ஒன்றுதான். 2018 நவம்பரில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவைச் சேர்ந்த பீர் ஆலைக் கருவிகள் செய்யும் டிஎம்இ (DME) நிறுவனம், கடனைத் தீர்க்கச் சொத்துகளை நிர்வகிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குப் போனபோது, முன்பணம் கட்டிக் காத்திருந்த பீர் ஆலைகள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க நேர்ந்தது. அங்கே உதவக்கூடியது முன்பணத்துக்கான வங்கி உத்தரவாதம். குறைபாடுகளுக்கோ, சோதனை ஓட்டம் முடியும்வரை நிறுத்திவைத்த பாக்கித்தொகை.

ஆகவே என் தேர்வு கலப்பு முறை: தரமும் திறனும் பற்றிய கேள்விகள் முதலில் வல்லுநரிடம், அவர் தீர்மானத்தை ஒரு தரப்பு ஏற்காவிட்டால் நடுவர் மன்றம், கலன், குளிரூட்டி, குழாய் ஆகிய மூன்று ஒப்பந்தங்களிலும் ஒரே வாசகத்தில் அந்த ஷரத்தும் ஒன்றாக விசாரிக்கும் சம்மதமும்.