எக்ஸ்ட்ரக்ட்: பொறுக்கித் தரும், கோத்துத் தராது

பைத்தானில் ஸ்கிரேப்பிங் (வலைப்பக்கங்களிலிருந்து நிரல் வழியாகத் தரவு எடுப்பது) செய்பவர்களில் பலர் இன்னும் டிவ், ஸ்பான் டேக்குகளின் கிளாஸ் பெயர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். தளத்தின் வடிவமைப்பு மாறினால் அந்த நிரல் அன்றோடு படுத்துவிடும். அதே பக்கத்தில், தேடுபொறிகளுக்காகத் தளத்துக்காரரே ஸ்கீமா.ஆர்க் போன்ற பொதுச் சொல்தொகுதிகளில் எழுதிவைத்த தரவு பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதை எடுத்துத் தரும் லைப்ரரிதான் எக்ஸ்ட்ரக்ட். ஸ்கிரேப்பிங்ஹப் வெளியிட்டது, பிஎஸ்டி உரிமம், காசு கிடையாது. ஜேசன்-எல்டி, மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஓப்பன் கிராஃப், மைக்ரோஃபார்மட், டப்ளின் கோர் என பக்கத்துக்குள் தரவைப் பொதியும் ஆறு வகையையும் ஒரே அழைப்பில் படிக்கும்.

எச்டிஎம்எல்லையும் பக்கத்தின் அடிப்படை முகவரியையும் கொடுத்தால் போதும். முகவரியை விட்டுவிட்டால் படங்களின் இணைப்புகள் பாதி முகவரியாகவே வந்து நிற்கும்.

இயல்பு அமைப்புகளை அப்படியே விடாதீர்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஆறையும் ஓட்டும். ஆர்டிஎஃப்ஏ மெதுவானது, அதைச் சோதனை நிலையில் உள்ளதாகவே ஆவணம் சொல்கிறது. மைக்ரோஃபார்மட்டுக்காகப் பக்கம் பியூட்டிஃபுல்சூப் என்ற எச்டிஎம்எல் லைப்ரரி வழியாக மறுபடி ஒருமுறை அலசப்படும். ‘சின்டாக்சஸ்’ அளவுருவில் ஜேசன்-எல்டி, மைக்ரோடேட்டா, ஓப்பன் கிராஃப் மூன்றை மட்டும் கொடுங்கள்; பெரும்பாலான தளங்களுக்கு அதுவே தாராளம். ‘யூனிஃபார்ம்’ போட்டால் மற்ற வகைகளும் ஜேசன்-எல்டி போன்ற வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஓப்பன் கிராஃபில் பல படங்கள் இருந்தால் ஒன்றுதான் மிஞ்சும். எல்லாம் வேண்டுமானால் ‘வித் ஓஜி அரே’யையும் இயக்க வேண்டும்.

பெரிய குறை பிழை கையாளுவதில்தான். ‘எரர்ஸ்’ இயல்பாக ‘ஸ்ட்ரிக்ட்’. ஜேசனில் ஒரு பிழை இருந்தால் போதும், ஒழுங்காக இருக்கும் ஓப்பன் கிராஃபும் கைக்கு வராது. ‘லாக்’ என்று மாற்றலாம்; பிழையைப் பதிவு செய்துவிட்டு மற்ற வகைகளைத் தரும். அப்போதும், ஒரு பக்கத்தில் மூன்று ஜேசன்-எல்டி ஸ்கிரிப்டுகள் இருந்து அதில் ஒன்று உடைந்திருந்தால், மூன்றும் போய்விடும். நடுவில் வரும் கமெண்ட், கடைசியில் தொங்கும் காற்புள்ளி, சரத்துக்குள் வரும் வரிமுறிவு ஆகியவற்றையெல்லாம் சமாளிக்கும். சரத்துக்குள் பின்சாய்வுக்கோடு போடாமல் வரும் இரட்டை மேற்கோளிடம்தான் தோற்றுப்போகும். பொருள் விவரத்தில் 6" என்று அங்குலக் குறியை அப்படியே ஒட்டும் கடைகள் இதற்கு நல்ல உதாரணம். மாற்று வழி: விடையில் ஜேசன்-எல்டி இல்லாவிட்டால் எல்எக்ஸ்எம்எல் லைப்ரரி கொண்டு ஸ்கிரிப்டுகளைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனி டிரை-எக்செப்டில் படியுங்கள்.

அடுத்தது கோக்கும் வேலை. யோஸ்ட் செருகுநிரல் உள்ள வேர்ட்பிரஸ் தளங்களில் எல்லாம் ஒரே ‘@கிராஃப்’ பட்டியலுக்குள் இருக்கும். கட்டுரையின் வெளியீட்டாளரைக் கேட்டால் பெயர் வராது, ஓர் ‘@ஐடி’தான் வரும், அந்த ஐடிக்குரிய விவரம் பட்டியலில் வேறோர் இடத்தில் இருக்கும். எக்ஸ்ட்ரக்ட் இதைத் தொடுவதே இல்லை. முதலில் எல்லா முனைகளையும் (பட்டியலின் உருப்படிகளை) ஐடி வாரியாக ஒரு டிக்ஷனரியில் போட்டு, பிறகு ‘@ஐடி’ மட்டும் இருக்கும் இடங்களில் உரிய முனையை நிரப்ப வேண்டும். முனைகள் ஒன்றையொன்று சுட்டிக்கொள்வதும் உண்டு. சென்று வந்த ஐடிகளைக் குறித்துவைக்காவிட்டால் ரிகர்ஷன் சுற்றிச் சுற்றி, பைத்தானின் வரம்பை எட்டிப் பிழையோடு நின்றுவிடும்.

சமையல் குறிப்புப் பக்கம் ஒன்றைப் பிரித்தால் மீதி சிக்கலும் தெரியும். ‘@டைப்’ சில இடத்தில் சரம், சில இடத்தில் பட்டியல். நேரடியாக ‘ரெசிபி’யோடு ஒப்பிட்டால் பாதி தவறிவிடும். சமைக்கும் நேரம் ஐஎஸ்ஓ 8601 முறையில் ‘பிடி90எம்’ என்று வரும். ஐசோடேட் லைப்ரரி அதை ஒன்றரை மணி நேரமாக்கித் தரும். செய்முறைதான் தலைவலி: ஒரே நீளச் சரமாக, சரங்களின் பட்டியலாக, ‘ஹவ்டூஸ்டெப்’களாக, இல்லையென்றால் அரைக்க ஒன்று, தாளிக்க ஒன்று என்று ‘ஹவ்டூசெக்ஷன்’களுக்குள் புதைந்து வரும். நான்குக்கும் தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும். சமையல் குறிப்புகள் மட்டும்தான் தேவை என்றால் ரெசிபி-ஸ்கிரேப்பர்ஸ் லைப்ரரி போதும்; அதற்குள்ளும் எக்ஸ்ட்ரக்ட்தான் ஓடுகிறது.

தமிழ்ப் பக்கங்களில் எழுத்துகள் குப்பையாக வந்தால் பழி எக்ஸ்ட்ரக்ட் மேல் இல்லை. சர்வர் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லாதபோது, பக்கத்தை இறக்கும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி அதை ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். டெக்ஸ்டைத் தொடுவதற்கு முன்பே ‘என்கோடிங்’கை யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள்.

ஒன்றுமே கிடைக்கவில்லையா? பிரவுசரில் ‘வியூ சோர்ஸ்’ திறந்து ‘எல்டி+ஜேசன்’ என்று தேடுங்கள். இன்ஸ்பெக்டில் தெரிந்து, சோர்ஸில் இல்லையென்றால், அது டேக் மேனேஜர் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பிறகு நுழைந்தது. பிரவுசரை நிரல் வழியாக இயக்கும் பிளேரைட்டில் பக்கத்தைத் திறந்து, அந்த ஸ்கிரிப்ட் வரும்வரை காத்திருந்து, அப்போதைய எச்டிஎம்எல்லை எக்ஸ்ட்ரக்டிடம் கொடுக்க வேண்டும்.