பேருந்துக்குத் தனித்தடம்: டெல்லி முறையா, அகமதாபாத் முறையா?

சாலையின் நடுப்பகுதியைக் கார்களிடமிருந்து வாங்கிப் பேருந்துக்குக் கொடுத்த நகரங்கள் இவை இரண்டும். டெல்லியின் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் தடம், 5.8 கி.மீ., 2008இல் திறந்தது; 2016இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2009 அக்டோபரில் வந்த அகமதாபாத்தின் ‘ஜன்மார்க்’ பேருந்துத் தடம் இன்றும் ஓடுகிறது. டெல்லியில் கார்க்காரர்களின் செல்வாக்கு அதிகம் என்பது பாதிக் காரணம்தான்.

டெல்லியுடையது திறந்த முறை. எந்தப் பேருந்தும் தடத்துக்குள் நுழையலாம், நடுவில் பிரிந்து போகலாம். பயணி வண்டி மாற வேண்டியதில்லை. சறுக்கியது சந்திப்பில். நிறுத்தத்தைச் சிக்னல் கோட்டுக்கு அருகிலேயே வைத்தார்கள். முன்னால் நிற்கும் இரண்டு மூன்று பேருந்துகள் ஆள் ஏற்றும். பின்னால் இருப்பவை பச்சை விழுந்து நகர்ந்து வந்து ஏற்றி முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு. நேரே போகும் பேருந்தும் வலப்பக்கம் திரும்பும் காரும் மோதாமலிருக்கச் சிக்னலில் கூடுதல் கட்டங்கள் வேறு. காத்திருப்பு நீண்டது.

அந்தத் தடத்திலுள்ள சிராக் டில்லி சந்திப்புச் சிக்னலில் மாட்டிக்கொண்ட கார்க்காரருக்குப் பக்கத்துத் தடம் காலியாகத் தெரிந்தது. நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்று வைத்தால் மணிக்கு 3,600 பேர். கார்த்தடம் மணிக்கு 800 கார்களை விட்டாலும், காருக்கு ஒன்றரை ஆள் வீதம் 1,200தான். ஆனால் நிமிடத்துக்கு ஒன்று வரும் தடம், பார்க்கிறவருக்கு வெற்றிடம்தான்! தடத்தை எதிர்த்த வழக்கை 2012இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறகு டெல்லியில் ஆட்சிக்கு வந்த கட்சி தடத்தைக் கைவிட்டது.

அகமதாபாத் மூடிய முறை. தனி நிறுவனம், தனிப் பேருந்து, வலப்பக்கக் கதவு, பேருந்துத் தரைமட்டத்துக்கு உயர்த்திய நடுநிலையம், ஏறுவதற்கு முன்பே டிக்கெட். படியில்லாததால் ஏறி இறங்க நேரமாவதில்லை. முதல் கட்டத்தை அகலமான வட்டச்சாலையில் போட்டதால் யாருடைய இடத்தையும் அதிகம் பறித்ததாகத் தோன்றவில்லை, சாமர்த்தியம்தான். விலையும் உண்டு: மாநகராட்சியின் பழைய பேருந்துகள் வெளியே நெரிசலிலேயே நின்றன, அதில் போகிற ஏழைகளும்.

பேருந்து வழிகள் நாலாபக்கமும் பிரியும் நகரத்துக்கு நான் திறந்த முறையையே எடுப்பேன், மூன்று திருத்தங்களோடு. நிறுத்தம் சிக்னல் கோட்டிலிருந்து 40 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். 12 மீட்டர் பேருந்து மூன்று நிற்க அவ்வளவு இடம் தேவை. பெரிய சந்திப்புகளில் வலத்திருப்பத்தைத் தடுத்து, அடுத்த திருப்பத்தில் சுற்றிவர விட வேண்டும். நடுநிறுத்தத்துக்குப் போகும் பாதசாரிக்குத் தனிச் சிக்னல் வேண்டும்.

ஆனால் அரசியல் பாதுகாப்பு மூடிய முறைக்கே கூடுதல். டெல்லியில் தடத்தை இடித்த பிறகும் அதே பேருந்துகள் ஓரத்தில் ஓடின. வலக்கதவுப் பேருந்தையும் நடுநிலையத்தையும் வாங்கிக் கட்டிய மாநகராட்சி தடத்தைக் கலைத்தால் இரண்டும் வீணாகும்; எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கணக்கைப் பார்த்தே தீர வேண்டும்.